அடகுக்கடை வாசலில் ஒரு ரம்பம்

ஒரு பெரியவர் நடைபாதையில் மல்லாந்து விழுந்துகொண்டிருக்கிறார். தரையெல்லாம் உறைபனி. பையிலிருந்த சில்லறை சிதறிவிட்டது, மூக்குப்பொடி டப்பியும் போயிற்று. கையில் ஒரு தெர்மாமீட்டர். அதை மட்டும் உடையாமல் நிமிர்த்திப் பிடித்திருக்கிறார். அவருக்குப் பின்னால் ஒரு கடை. அதன் ஜன்னலை மொய்த்துக்கொண்டு நமக்கு முதுகைக் காட்டியபடி ஒரு சிறு கூட்டம் நிற்கிறது. ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. எப்படித் திரும்புவார்கள்? ஜன்னலின் ஒவ்வொரு கண்ணாடிச் சட்டத்திலும் ஒரு கேலிச்சித்திரம் மாட்டியிருக்கிறதே!

ஜேம்ஸ் கில்ரே செதுக்கி 1808 பிப்ரவரியில் வெளிவந்த படம் இது. 'ரொம்பவே வழுக்கும் வானிலை' என்பது தலைப்பு. அதில் வரும் கடை கற்பனை இல்லை. லண்டன் செயின்ட் ஜேம்ஸ் தெருவில் 27-ஆம் எண், ஹன்னா ஹம்ஃப்ரி என்ற பெண்மணி நடத்திய அச்சுப்படக் கடை. கில்ரே குடியிருந்ததும் அதே கட்டடத்தில், கடைக்கு மேலேதான். கிழவர் விழுவதைக் காட்டிச் சிரிக்க வைத்தபடியே கடைக்கு ஒரு விளம்பரமும் செய்துவிட்டார் மனுஷன்.

இப்படிப்பட்ட படங்கள் 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஆயிரக்கணக்கில் வந்தன. பிரிட்டிஷ் மியூசியம் தன் கையிருப்பில் உள்ள கேலிச்சித்திரங்களுக்குப் போட்ட பட்டியல் மட்டுமே 1832 வரை 17,000-க்கு மேல் போகிறது. அதில் பெரும்பங்கு அரசியல். மீதி தெரு, சாப்பாடு, தலைமுடி, டீ, குடி, கல்யாணம், வைத்தியம், சீட்டாட்டம். அந்தக் கால இங்கிலாந்தைப் பற்றிய எந்தப் புத்தகத்தைப் பிரித்தாலும், கேமரா இல்லாத காலத்துப் புகைப்படங்கள் போல இவற்றைத்தான் பக்கத்துக்குப் பக்கம் போடுகிறார்கள். அங்கேதான் எனக்கு ஒரு நெருடல். இவை விற்பதற்காகச் செய்யப்பட்ட சரக்கு. வாங்குபவர் சிரித்தால்தான் காசு. ஊர் வம்பு பேசுகிறவர் சொல்வதில் உண்மை இருக்கும்; ஆனால் அவர் எதை அழுத்திச் சொல்கிறாரோ அதில் இருக்கும் என்று நம்ப முடியாது. போகிறபோக்கில், "அதான், அவங்க வீட்டுத் திண்ணையில உட்கார்ந்திருந்தப்போ" என்று சொல்கிறாரே, அந்தத் திண்ணை நிஜம். இந்தப் படங்களையும் அப்படித்தான் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

முதலில் தொழிலைப் பார்த்துவிடுவோம். செம்புத் தகட்டின் மேல் மெழுகுப் பூச்சு தடவி, ஊசியால் கீறிப் படம் வரைவார்கள். தகட்டை அமிலத்தில் இட்டால் கீறின இடத்தை மட்டும் அமிலம் அரிக்கும். பிறகு மையைத் தடவித் துடைத்து, ஈரக் காகிதத்தோடு உருளைகளுக்கு நடுவே அழுத்தி எடுக்க வேண்டும். படம் இடவலம் மாறி விழும். அதனால் எழுத்தையெல்லாம் தகட்டில் தலைகீழாக, கண்ணாடியில் தெரிவது போல எழுதியாக வேண்டும். வண்ணம் வேண்டுமானால் ஒவ்வொரு பிரதிக்கும் கையால்தான் தீட்ட வேண்டும். நூற்றாண்டின் பின்பாதியில் கறுப்பு வெள்ளைப் படம் 6 பென்ஸ், வண்ணப் படம் ஒரு ஷில்லிங் என்பது சாதாரண விலை. பெரிய படங்களுக்கு இரண்டு ஷில்லிங்கும் அதற்கு மேலும் போகும். லண்டனில் கட்டட வேலை செய்யும் கூலியாள் ஒருவருக்கு நாள் கூலியே சுமார் இரண்டு ஷில்லிங்தான். அரை நாள் உழைப்பைக் கொடுத்து ஒரு சிரிப்பை வாங்க அவரால் முடியாது.

ஆனால் ஜன்னலுக்குக் காசு இல்லை. அங்கே பிரபுவும் நிற்பார், கசாப்புக்காரரும் நிற்பார், ஜேப்படிக்காரனும் நிற்பான். கூட்டம் கூடும் இடம் என்பதால் மற்ற இருவரையும்விட ஜேப்படிக்காரனுக்குத்தான் அங்கே நல்ல வரும்படி. பிக்கடிலியில் கடை வைத்திருந்த எஸ்.டபிள்யூ. ஃபோர்ஸ் இன்னும் ஒரு படி மேலே போய், படங்களைத் தொகுப்பாக ஒரு மாலைக்கு வாடகைக்கு விட்டார். விருந்துக்கு ஆட்களைக் கூப்பிட்டவர்கள் அதை வாங்கிப்போய், சாப்பாடு முடிந்தபின் சுற்றி உட்கார்ந்து புரட்டிச் சிரிப்பார்கள். வீடியோ கேசட் வாடகைக்கு எடுத்த தலைமுறைக்கு இதை விளக்கவே வேண்டாம்.

வரலாற்றுக்காரர்களுக்கு இந்தப் படங்களால் கிடைத்த பெரிய வசதி ஒன்று உண்டு. படத்தின் அடியில் பொடி எழுத்தில் வெளியீட்டாளர் பெயர், முகவரி, நாள், மாதம், ஆண்டு எல்லாம் இருக்கும். இதற்குக் காரணம் வில்லியம் ஹோகார்த் என்ற செதுக்குக் கலைஞர். 1732-இல் அவர் வெளியிட்ட ஆறு படத் தொடர் ஒன்று, கிராமத்திலிருந்து லண்டனுக்கு வந்து பாலியல் தொழிலில் சிக்கிச் சாகும் ஒரு பெண்ணின் கதை, சக்கைப்போடு போட்டது. உடனே திருட்டுப் பிரதிகளும் கிளம்பின. ஹோகார்த் சும்மா இருக்கவில்லை. மற்ற செதுக்குக் கலைஞர்களையும் சேர்த்துக்கொண்டு நாடாளுமன்றத்துக்கு மனுப் போட்டார். 1735-இல் படங்களுக்கு 14 ஆண்டு பதிப்புரிமை தரும் சட்டம் வந்தது. உரிமை வேண்டுமானால் தகட்டிலேயே பெயரும் தேதியும் பொறித்திருக்க வேண்டும் என்றது சட்டம். தயாராக இருந்த அடுத்த தொடரை, அப்பன் சொத்தை அழித்துப் பைத்தியக்கார விடுதியில் போய் முடியும் ஓர் இளைஞனின் கதையை, ஹோகார்த் கையிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்து, சட்டம் அமலுக்கு வந்த ஜூன் 25 அன்று வெளியிட்டார். திருட்டுக்குப் போட்ட பூட்டு, ஒரு நாகரிகத்தின் கேலிக்கு நாள்குறிப்பாகவும் அமைந்துவிட்டது.

ஹோகார்த்திடம் தெருக்கள் நிறைய உண்டு. 1738-இல் வந்த 'நாளின் நான்கு பொழுதுகள்' தொடரில் நான்கு படம், நான்கு இடம். மதியப் படத்தில் பிரெஞ்சுக்காரர்களின் தேவாலயத்திலிருந்து பட்டும் சரிகையுமாகக் கூட்டம் வெளியே வருகிறது. பிரான்ஸில் மதக் கெடுபிடி தாங்காமல் ஓடிவந்த ஹியூகனாட்டுகள் அவர்கள். எதிர்ப்புறம் இங்கிலீஷ்காரர்கள். நடுவே சாக்கடை, அதில் ஒரு செத்த பூனை. இந்தப் பக்கம் ஒரு கறுப்பினத்தவர் வேலைக்காரப் பெண்ணைக் கொஞ்சிக்கொண்டிருக்கிறார். அவள் கையிலிருக்கும் பண்டம் வழிந்துகொண்டிருக்கிறது. கீழே, தட்டை உடைத்துவிட்ட ஒரு பையன் அழுகிறான். சிந்தியதைத் தரையிலிருந்து எடுத்து ஒரு சிறுமி சாப்பிடுகிறாள்.

ஹோகார்த் இங்கே அடிக்க நினைத்தது பிரெஞ்சு மினுக்கை; அந்தப் பக்கத்து ஆட்டமும் பாட்டமும் அவருக்குக் கொஞ்சம் இளப்பம். அதை விட்டுவிடுங்கள். கறுப்பினத்தவர் ஒருவர் லண்டன் தெருவில் நிற்பதற்கு அந்தப் படத்தில் எந்த விளக்கமும் இல்லை. 1738-இல் பார்த்தவர்கள் யாரும் "இவர் யார், எங்கிருந்து வந்தார்" என்று கேட்டிருக்க மாட்டார்கள். அப்படி ஒரு முகம் அந்தத் தெருவில் சாதாரணம். கடை வாசல்களில் படப் பலகைகள் தொங்குகின்றன. வீட்டுக்கு எண் போடும் வழக்கம் 1760களில்தான் பரவத் தொடங்கியது. அதுவரை 'நீலப் பன்றிக்கு எதிரே', 'தங்க மீனுக்குப் பக்கத்தில்' என்கிற மாதிரிதான் முகவரி.

இரவுப் படம் இன்னும் நாற்றம். சாரிங் கிராஸ் பக்கத்துச் சந்து. குடித்துத் தள்ளாடிப் போகிற ஓர் ஆளின் மேல் மாடி ஜன்னலிலிருந்து யாரோ மூத்திரச் சட்டியைக் கவிழ்க்கிறார்கள். வழியில் கொளுத்திய சொக்கப்பனையில் சிக்கி ஒரு பயணக் கோச்சு வண்டி கவிழ்ந்து கிடக்கிறது. ஓரத்தில் ஒரு முடிதிருத்தும் கடை. ஜன்னலில் ரத்தம் பிடித்த கிண்ணங்கள் வரிசையாக. சவரம், ரத்தம் எடுத்தல், பல் பிடுங்கல் எல்லாம் செய்யப்படும் என்கிறது பலகை. மூன்று தொழிலும் ஒரே கையில் இருந்தது. லண்டனில் அறுவை மருத்துவர்களும் முடிதிருத்துவோரும் ஒரே சங்கத்திலிருந்து பிரிந்ததே 1745-இல்தான். படம் வந்து ஏழு ஆண்டு கழித்து.

ஆனால் ஜாக்கிரதை. ஹோகார்த் படத்தின் மூலை வெறும் மூலை இல்லை. பூனை, நாய், சுவரில் மாட்டிய ஓவியம், கணவனின் தலைக்குப் பின்னால் சரியாக வந்து நிற்கும் மாட்டுக் கொம்பு என்று எதையும் அவர் தற்செயலாக வைப்பதில்லை. கொம்பு என்றால் பெண்டாட்டி ஏமாற்றுகிறாள் என்பது அந்த ஊர்ச் சங்கேதம். அதனால் 'பின்னணியில் இருப்பதெல்லாம் நிஜம்' என்று சூத்திரம் போட்டுவிட முடியாது. நகைச்சுவைக்கோ நீதிக்கோ பயன்படாமல், காட்சி நம்பும்படி இருக்க வேண்டும் என்பதற்காக மட்டும் வைக்கப்பட்ட பொருள் எது என்று துழாவ வேண்டும். ரத்தக் கிண்ணம் அப்படிப்பட்டது.

இந்தத் துழாவலுக்கு 'ஜின் லேன்' படத்தைவிட நல்ல இடம் கிடையாது. 1751 பிப்ரவரியில், 'பியர் ஸ்ட்ரீட்' படத்தோடு இணையாக வெளிவந்தது. விலை தலா ஒரு ஷில்லிங். செயின்ட் ஜைல்ஸ் என்ற வறுமைப்பட்ட பகுதிதான் களம்; தூரத்தில் புளூம்ஸ்பரி செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்தின் கோபுரம் தெரியும். நடுவில் படிக்கட்டில் மார்பு திறந்து, கால்களில் புண்ணோடு ஒரு தாய் போதையில் மூக்குப்பொடி எடுக்கிறாள். அவள் கையிலிருந்து குழந்தை தலைகுப்புற விழுந்துகொண்டிருக்கிறது. ஒரு மனிதன் நாயோடு சேர்ந்து எலும்பைக் கடிக்கிறான். கைக்குழந்தையின் வாயில் ஒருத்தி ஜின்னை ஊற்றுகிறாள். பின்னால் இடிந்த வீட்டில் ஒருவன் தூக்கில் தொங்குகிறான். சவப்பெட்டிக்காரருக்கு நல்ல வியாபாரம்.

இதைப் பார்த்துவிட்டு அந்தக் காலத்து லண்டன் ஏழைகள் இப்படித்தான் வாழ்ந்தார்கள் என்று எழுதுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். படம் ஒரு பிரசாரத் துண்டு. ஜின் விற்பனையைக் கட்டுப்படுத்தச் சட்டம் வேண்டும் என்று கேட்டு நடந்த இயக்கத்தின் பக்கம் நின்று செய்தது. ஹோகார்த்தின் நண்பரும் லண்டன் மாஜிஸ்திரேட்டுமான ஹென்றி ஃபீல்டிங் அதே ஆண்டு, கிட்டத்தட்ட அதே நேரத்தில், கொள்ளை பெருகுவதற்குக் காரணம் ஜின்தான் என்று நூல் எழுதினார். சட்டமும் அந்த ஆண்டே வந்தது. இதில் ஒரு வேடிக்கை: ஜின் குடி 1743 வாக்கில் உச்சத்தைத் தொட்டுவிட்டு ஏற்கெனவே இறங்கத் தொடங்கியிருந்தது. படம் வந்தபோது புயலின் பின்பாதிதான் மிச்சம்.

போதைத் தாயை அப்படியே விட்டுவிட்டுப் படத்தின் இடது பக்கம் போங்கள். அங்கே அடகுக்கடை. அந்தச் சந்தில் உருப்படியாக நிற்கும் கட்டடங்களில் அதுவும் ஒன்று. வாசலில் தச்சர் ஒருவர் ரம்பத்தை நீட்டுகிறார். ஒரு பெண் சமையல் பாத்திரங்களை நீட்டுகிறாள். கடைக்காரர் கூர்ந்து பார்த்து மதிப்புப் போடுகிறார். ஹோகார்த்தின் நீதி, குடிக்காகப் பிழைப்பையே விற்கிறார்கள் என்பது. அது கிடக்கட்டும். ஓர் ஏழைக் குடும்பத்தில் அடகு வைக்கும்படி என்ன இருந்தது என்பதற்கு இது ஒரு சின்ன சாட்சி. நகை இல்லை. ஆணின் கையில் கருவி, பெண்ணின் கையில் பாத்திரம். காசு தேவை என்றால் நாளை வேலைக்கும் சமையலுக்கும் வேண்டியதைத்தான் இன்று தூக்கிக்கொண்டு போக வேண்டும். குடிகாரர்களுக்கு மட்டும் வாய்த்த நிலைமை இல்லை இது. கூலி தள்ளிப்போகிற எந்த வீட்டிலும் இதுதான் நடந்திருக்கும். தச்சரின் ரம்பத்தை ஹோகார்த் ஒரு குற்றச்சாட்டாக வரைந்தார். எனக்கு அது ஒரு வீட்டுக் கணக்குப் புத்தகமாகத் தெரிகிறது.

இணைப் படமான 'பியர் ஸ்ட்ரீட்' எல்லோரும் கொழுகொழுவென்று, வேலை செய்து களைத்துச் சந்தோஷமாக பியர் குடிக்கும் சொர்க்கம். அங்கே அடகுக்கடைதான் இடிந்து கிடக்கிறது. சுத்த சுதேசி விளம்பரம்: பியர் இங்கிலீஷ், ஜின் அந்நியச் சரக்கு. கலையாகப் பார்த்தால் சுமாரான படம். அதற்கு மேல் நேரம் செலவழிக்கத் தேவையில்லை.

ஹோகார்த் 1764-இல் இறந்தார். மனைவி ஜேன் தகடுகளைக் கையில் வைத்துக்கொண்டு தொடர்ந்து படம் போட்டு விற்றார். 1767 சட்டத்தில் அவருக்கென்றே 20 ஆண்டு உரிமை தனியாகச் சேர்க்கப்பட்டது. இந்த வியாபாரத்தில் பெண்களுக்கும் பெரிய பங்கு இருந்தது. ஹன்னா ஹம்ஃப்ரியைப் பார்த்தோம். அவருக்கு முன்னால் மேரி டார்லி. கணவர் மேத்யூவோடு சேர்ந்து கடை நடத்தியவர்; 1762-இல் கேலிச்சித்திரம் வரையக் கற்றுக்கொடுக்கும் கையேடு ஒன்றை வெளியிட்டார். "உங்களுக்கு வேண்டாதவர்களை நீங்களே வரைந்து அனுப்புங்கள், நாங்கள் செதுக்கித் தருகிறோம்" என்ற பாணியில் பொழுதுபோக்காக வரைகிற சீமான் சீமாட்டிகளை இழுத்துப் போட்டதுதான் டார்லி கடையின் தந்திரம்.

ஸ்ட்ராண்ட் தெருவில் அவர்கள் நடத்திய கடையிலிருந்து 1771 முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் கொட்டியது 'மக்ரோனி' மழை. இத்தாலிக்குச் சுற்றுலா போய்விட்டு அந்த ஊர் உணவையும் உடையையும் தலைமேல் வைத்துக் கொண்டாடும் பணக்கார இளவட்டங்களுக்கு ஊர் வைத்த பெயர் அது. தலையில் கோபுரம் போல டோப்பா, அதன் உச்சியில் விரல் அகலத்துக்கு ஒரு தொப்பி, இடுப்பில் ஒட்டிய கோட்டு, வாளுக்குக் குஞ்சம். வக்கீல் மக்ரோனி, பாதிரி மக்ரோனி, தோட்டக்கார மக்ரோனி என்று டார்லி வரிசையாகப் போட்டார்கள். பெண்களின் கூந்தல் அடுத்த இலக்கு. 1771-இல் டார்லி வெளியிட்ட ஒரு படத்தில் ஓர் அம்மாளின் கொண்டைக்குப் பூச்சு வேலை செய்ய சிகை அலங்காரக்காரர் ஏணி போட்டு ஏறியிருக்கிறார். உயரம் அளக்க ஒருவர் மாலுமிகள் வைத்திருக்கும் கோணமானியைக் கொண்டு வந்திருக்கிறார். 1777-இல் வந்த இன்னொன்றில் தலைமேல் ஒரு முழுப் பூந்தோட்டமே இருக்கிறது.

ஏணியை நம்ப வேண்டாம். ஆனால் அந்த வகைப் படங்களில் வேறொரு சங்கதி திரும்பத் திரும்ப வருகிறது. 1773, 1774 வாக்கில் வந்த இரண்டு படங்களை ஜோடியாகப் பார்க்கலாம். ஒன்றில் கிராமத்து அப்பா, கையில் தடியோடு, எதிரே நிற்கும் மக்ரோனியைப் பார்த்து வாயைப் பிளக்கிறார்: இதுவா என் மகன் டாம்? இன்னொன்றில் கொண்டை வைத்த பெண் தன் தாயிடம், பயப்படாதே அம்மா, நான் உன் மகள் ஆன்தான் என்கிறாள். கேலி டோப்பாவைப் பற்றியது. அடியில் ஓடுவது, ஊரைவிட்டு லண்டனுக்குப் பிழைக்கப் போன பிள்ளை திரும்பி வரும்போது வீட்டு வாசலில் நிகழும் அந்த ஒரு நிமிடம். உடையைப் பார்த்து ஆளின் தகுதியைச் சொல்லிவிட முடியும் என்றிருந்த உலகம் ஆட்டம் கண்டிருந்தது. எஜமானியின் பழைய கவுனை வேலைக்காரி உடுத்தினாள். கடைச் சிப்பந்தி தவணையில் வெள்ளிப் பொத்தான் வாங்கினான். யார் யார் என்று தெரியாமல் போனதுதான் மக்ரோனி வயிற்றெரிச்சலின் வேர் என்பது என் கணிப்பு. பணக்காரன் எப்படி உடுத்தினாலும் ஊருக்கு அவ்வளவு கோபம் வந்திருக்காது. கடைச் சிப்பந்தியும் அப்படியே உடுத்தியதுதான் உறுத்தியிருக்கிறது.

தலைமுடிக் கதை முடிந்த விதமும் படத்தில் இருக்கிறது. டோப்பாவுக்கும் கூந்தலுக்கும் தூவும் பவுடர், மாவுப்பொருளில் செய்வது. 1795-இல் பிரான்ஸோடு போர், கோதுமைக்குத் தட்டுப்பாடு. அரசாங்கம் தலைக்குப் பவுடர் போடுகிறவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு கினி, அதாவது 21 ஷில்லிங், வரி போட்டது. கில்ரே அந்த மார்ச் மாதமே ஒரு குடும்பத்தை வரைந்துவிட்டார். அப்பா கணப்புக்கு முதுகைக் காட்டியபடி புது வரிச் செய்தி படிக்கிறார். மகன் தன் மொட்டைக் கிராப்பைக் கண்ணாடியில் பார்த்துத் திகைக்கிறான். சிகை அலங்காரக்காரர் நீட்டும் பவுடர் இல்லாத டோப்பாவைப் பார்த்து அம்மாவுக்கு அருவருப்பு. பவுடர் மறைத்து வந்த மகளின் செம்பட்டை முடி இப்போது எல்லோருக்கும் தெரிகிறது. ஒரு வரி எப்படி ஒரு வீட்டுக்குள் நுழைகிறது என்று காட்ட இதைவிடச் சுருக்கமாக முடியுமா? பவுடர் வழக்கம் அதன்பின் வேகமாக ஒழிந்தது.

டீ மேசைக்கு வருவோம். பணக்கார வீட்டு டீ மேசை என்றால் இந்தப் படங்களில் பளபளக்கும் மரமும் பீங்கானும் கட்டாயம் இருக்கும். ஹோகார்த்தின் 1732 தொடரில் இரண்டாவது படத்தில் கதாநாயகி மேசையையே எட்டி உதைக்கிறாள், கோப்பைகள் பறக்கின்றன. வாசலில் தலைப்பாகை கட்டிய கறுப்பினச் சிறுவன் ஒருவன் கெட்டிலோடு திகைத்து நிற்கிறான். பக்கத்தில் ஒரு குரங்கு. சீனத்து டீ, மேற்கிந்தியத் தீவுகளின் சர்க்கரை, அந்தச் சர்க்கரையை விளைவித்த அதே அடிமை வியாபாரத்தில் வந்து சேர்ந்த ஒரு பிள்ளை, மூன்றும் ஒரே அறையில். சிரிப்பு கவிழ்ந்த மேசைக்கு. சிறுவன் வெறும் அலங்காரம். அவனை அலங்காரமாக வைத்தார்கள் என்பதே நமக்குக் கிடைக்கும் தகவல்.

அறுபது ஆண்டு கழித்து அந்தச் சர்க்கரையே நேரடியாகக் கேலிக்கு வந்தது. அடிமை வியாபாரத்தை ஒழிக்க நாடாளுமன்றம் மறுத்ததும், 1791-92இல் வீடு வீடாகச் சர்க்கரையை விலக்கும் இயக்கம் கிளம்பியது. 3 லட்சம் பேர் கைவிட்டார்கள் என்று அதன் தலைவர்களில் ஒருவரான தாமஸ் கிளார்க்சன் கணக்குச் சொன்னார். 1792 மார்ச்சில் கில்ரே அரச குடும்பத்தையே சர்க்கரை இல்லாத டீயோடு உட்கார வைத்தார். மூன்றாம் ஜார்ஜ் "ஆஹா, என்ன ருசி!" என்கிறார். ராணி சார்லட் மகள்களிடம், பாவம் அந்தக் கறுப்பர்களுக்கு எவ்வளவு வேலை மிச்சம் என்று சொல்லிவிட்டு, எல்லாவற்றுக்கும் மேலாக உங்கள் அப்பாவுக்கு எவ்வளவு செலவு மிச்சம் என்று முடிக்கிறாள். மகள்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அரசரின் கஞ்சத்தனம்தான் குறி. ஆனால் ஒரு கொள்கை சமையலறை வழியாக வீட்டுக்குள் வரும்போது, பெரியவர்கள் முடிவெடுத்துப் பிள்ளைகள் கசப்பை விழுங்கும் அந்தக் காட்சி எந்த வீட்டுக்கும் பொருந்தும்.

நம் பக்கத்துப் பணமும் இந்த ஜன்னல்களில் தொங்கியிருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனி வேலைக்கு இந்தியா வந்து சம்பாதித்துக்கொண்டு ஊர் திரும்பியவர்களை லண்டனில், நவாப் என்ற சொல்லைச் சிதைத்து, 'நேபாப்' என்றார்கள். புதுப் பணக்காரர், வாய் முழுக்கத் திமிர், ஈரல் கெட்டவர் என்று வகைப்படுத்திக் கேலி செய்வார்கள். 1797-இல் கில்ரே வரைந்த ஒருவருக்கு 'கவுன்ட் ரூப்பி', அதாவது ரூபாய்ப் பிரபு என்று பெயர். ஹைட் பார்க்கில் குதிரை மேல் ஜம்பமாகப் போகிறார். ஆள் பால் பென்ஃபீல்டு. 1760களில் மதராஸ் வந்து, ஆற்காட்டு நவாப் முகமது அலிக்குக் கொழுத்த வட்டிக்குக் கடன் கொடுத்தவர். சேப்பாக்கம் அரண்மனையைக் கட்டியவர் என்றும் கருதப்படுபவர். தஞ்சை ராஜ்ஜியத்தின் வருவாயின் மேலேயே தனக்குப் பாத்தியதை உண்டு என்று கோரி மதராஸ் கோட்டையையே கலக்கிய ஆசாமி. எட்மண்ட் பர்க் 1785-இல் நாடாளுமன்றத்தில் நவாப் கடனைப் பற்றிப் பேசியபோது கிழித்துத் தொங்கவிட்டது இவரைத்தான்.

ஹைட் பார்க்கில் குதிரை ஓட்டுவது தகுதியைக் காட்டும் சடங்கு. அதில் தகாத ஒருவர் நுழைந்துவிட்டார் என்பது கில்ரேயின் நக்கல். காவிரிக் கரை நெல் யார் குதிரைக்குத் தீவனமாயிற்று என்பது லண்டன் ஜன்னல் முன் நின்றவர்களுக்கு ஒரு பொருட்டில்லை. பென்ஃபீல்டு கடைசியில் திவாலாகி 1810-இல் பாரிஸில் வறுமையில் இறந்தார்.

இந்தப் படங்களில் இல்லாதவையும் நிறைய. லண்டனையும் பாத் போன்ற சில பொழுதுபோக்கு ஊர்களையும் தாண்டினால் உலகம் மங்கிவிடும். மான்செஸ்டரில் பஞ்சாலைகள் எழுந்துகொண்டிருந்த பத்தாண்டுகளில் ஜன்னல்களில் தொங்கியது டோப்பாவும் கீல்வாதமும். கிராமத்தான் என்றால் வாய் பிளந்தவன், ஐரிஷ்காரன் என்றால் முட்டாள், யூதர் என்றால் மூக்கு, பிரெஞ்சுக்காரர் என்றால் ஒல்லி. அடிவாங்கும் மனைவியும் அடிக்கும் மனைவியும் ஒரே சிரிப்புக்குத்தான். ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை, யாரும் விழாமல், யாரும் குடிக்காமல், துணி துவைத்துக் காயப்போட்டு, கணக்கு எழுதிப் படுக்கப் போன நாள் வரையப்படவே இல்லை. அதற்கு யார் ஷில்லிங் கொடுப்பார்கள்?

கிட்டத்தட்ட அப்படி ஒன்று இருக்கிறது. 1796 ஜனவரியில் கில்ரே செதுக்கிய 'இரண்டு பென்ஸ் சீட்டாட்டம்'. ஒரு மேசை, மெழுகுவத்தி, நான்கு பேர். ஒருவர் ஹன்னா ஹம்ஃப்ரி, கடை முதலாளி. இன்னொருத்தி பெட்டி, அவரிடம் கடையில் வேலை செய்யும் பெண். மற்ற இருவர் கடைக்கு வந்து போகும் பழக்கக்காரர்கள். பந்தயம் வெறும் இரண்டு பென்ஸ். முகங்களைக் கொஞ்சம் கோணலாக்கியிருக்கிறார், அது அவர் கை பழக்கம். வேறு எந்தக் குத்தலும் இல்லை. பெட்டிக்கு நல்ல சீட்டு விழுந்திருக்கிறது போல. முதலாளியம்மாவோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சிரிப்பை அடக்க முடியாமல் இருக்கிறாள்.